வாட்டர்கலர் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிக்கூடத்தோடு தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நாற்பதிலோ அறுபதிலோ மறுபடி எடுக்கிறவர்களுக்காகத் தொகுத்தது இது. வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் வெளியூர் போனபின் வீட்டில் தனியாக இருப்பவர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே வைத்திருக்கிறோம். யாருக்கும் பெரிய ஓவியராகும் திட்டம் இல்லை என்று வைத்துக்கொண்டே பதில் எழுதியிருக்கிறோம்.

எனக்கு நேரா ஒரு கோடுகூடப் போட வராதுங்க. நான் போய் பெயிண்டிங் பண்ணலாமா?

நேர்க்கோடு போட ஸ்கேல் இருக்கிறது. வாட்டர்கலரில் கை முதலில் பழக வேண்டியது பிரஷ்ஷில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, தாளில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்ற கணக்குதான். அதற்கு நேர்க்கோடு தேவையில்லை. ஒரு எலுமிச்சை, ஒரு கத்தரிக்காய், ஒரு டம்ளர் இந்த மூன்றோடு முதல் மாதம் தாராளமாக ஓடும். கத்தரிக்காய் நல்ல ஆசிரியர்: ஒரே நிறம், ஒரு வெள்ளைப் பளபளப்பு, காம்பில் கொஞ்சம் பச்சை.

வயதைப் பற்றியும் கேட்பார்கள். ரவீந்திரநாத் தாகூர் அறுபதைத் தாண்டிய பிறகே ஓவியத்தில் இறங்கினார். கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்திய இடங்களை உருவங்களாக இழுத்துக்கொண்டே போனதில் ஆரம்பித்தது அது. 1930இல் பாரிஸில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடந்தபோது வயது 69.

வாட்டர்கலர்தான் ரொம்பக் கஷ்டம்னு சொல்றாங்களே, அக்ரிலிக்ல ஆரம்பிச்சா என்ன?

சொல்வது உண்மைதான். அக்ரிலிக்கில் தவறை மூடி மேலே பூசலாம். வாட்டர்கலரில் அடியில் இருப்பது தெரியும். ஆனால் பொழுதுபோக்குக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்து பிளாஸ்டிக் ஆகிவிடும். பிரஷ்ஷை ஒரு மணி நேரம் மறந்தால் அது குப்பைக்குத்தான். எண்ணெய் வண்ணத்துக்கு டர்பன்டைன் வாடை, காய நாட்கணக்கில் காத்திருப்பு. வாட்டர்கலர் தட்டில் காய்ந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உயிர் வந்துவிடும். சாப்பாட்டு மேசையில் விரித்து, சமையலுக்கு எழுந்துபோய், திரும்ப வந்து தொடரலாம்.

வண்ணம் தன் இஷ்டத்துக்கு ஓடுவதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போஸ்டர் கலர் சரியாக இருக்கும். அதுவும் தண்ணீரில் கரைவதுதான், ஆனால் மூடும் தன்மை உண்டு. அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சரி, முதல்ல என்னென்ன வாங்கணும்?

கையில் 1,500 ரூபாய் இருந்தால் அதில் பாதியைத் தாளுக்கு ஒதுக்குங்கள். கடையில் எல்லோரும் செய்வது இதற்கு நேர்மாறு: பெரிய கலர் பெட்டி, ஒரு டஜன் பிரஷ், கடைசியில் மலிவுத் தாள். கொஞ்ச நாளில் "எனக்கு வராது" என்று மூடிவைக்கிறார்கள்.

பிரஷ் இரண்டு போதும்: செயற்கை இழையில் ரவுண்ட் 6, ரவுண்ட் 10 அல்லது 12. பெரிய பிரஷ்ஷின் முனையே மெல்லிய கோடும் போடும், ஆகவே 000 போன்ற ஊசி பிரஷ்களுக்கு இப்போது வேலை இல்லை. வண்ணம் ட்யூபில் ஐந்தாறு (எவை என்று பின்னால் வருகிறது). கலக்க ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. பிளாஸ்டிக் தட்டில் வண்ணம் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். இரண்டு மக் தண்ணீர், ஒன்று கழுவ, ஒன்று சுத்தத் தண்ணீர் எடுக்க. பழைய காட்டன் வேட்டித் துணி ஒன்று. மாஸ்கிங் டேப், எச்பி பென்சில், மென்மையான ரப்பர். ஈசல் எனப்படும் படம் தாங்கி வேண்டாம்; பரீட்சை அட்டையின் ஒரு பக்கத்துக்கு அடியில் புத்தகம் வைத்துச் சாய்த்தால் போதும்.

பேப்பர் ஏன் இவ்ளோ விலை? பசங்க ட்ராயிங் நோட்லயே போட்டுப் பழகினா ஆகாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். "கை வரவில்லை" என்று கொண்டுவரப்படும் படங்களில் பெரும்பாலானவற்றில் கோளாறு தாளில்தான் இருக்கிறது. ட்ராயிங் நோட்டுத் தாள் தண்ணீர் பட்டதும் உடனே குடித்துவிடும். வண்ணம் பரவ நேரமே கிடைக்காது, பிரஷ் பட்ட ஓரமெல்லாம் கோடாக நிற்கும். இரண்டாம் முறை தேய்த்தால் மேல்பரப்பு திரி திரியாக உரிந்து வரும். அலை அலையாக மடங்கி, பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, திட்டுத் திட்டாகக் காயும். எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அதில் ஒரு வானம் போட முடியாது.

தாளில் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது எடை: 300 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம். 200க்குக் கீழே இருந்தால் நன்றாக நனைத்ததும் மடங்கும். இரண்டாவது, எதிலிருந்து செய்தது: நூறு சதவீதம் பருத்தி என்று போட்டிருந்தால் ஈரம் நீண்ட நேரம் நிற்கும், தேய்ப்பைத் தாங்கும். மரக்கூழ்த் தாள் மலிவு, ஆனால் சீக்கிரம் காய்ந்து ஓரக்கோடு விடும். மூன்றாவது பரப்பு: கோல்ட் பிரஸ் எனப்படும் லேசான சொரசொரப்புதான் தொடக்கத்துக்கு. ஹாட் பிரஸ் வழவழப்பில் வண்ணம் வழுக்கிக்கொண்டு ஓடும். தாளில் ஜெலட்டின் போன்ற ஒரு பசை ஏற்றியிருப்பார்கள். தண்ணீரை உடனே உள்ளே விடாமல் மேலேயே கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பது அதுதான்.

செலவைக் குறைக்க வழி உண்டு. கட்டாக விற்கும் புத்தகத்தைவிட முழுத் தாளாக வாங்குவது லாபம். 22×30 அங்குலத் தாளை எட்டாக வெட்டினால் 7.5×11 அங்குலத்தில் எட்டுத் துண்டு. பின்பக்கமும் பயன்படும், ஆக பதினாறு படம். கலர் கலந்து பார்க்கும் பயிற்சிக்கு மரக்கூழ்த் தாள் போதும், படத்துக்குப் பருத்தி.

பெட்டியில 24 கலர் இருக்கு. எது எது நிஜமா தேவை?

லெமன் யெல்லோ, கொஞ்சம் ஆரஞ்சு சாயல் உள்ள மஞ்சள் ஒன்று, கிரிம்சன் அல்லது ரோஸ், அல்ட்ராமரைன் நீலம், ப்ரஷியன் அல்லது தேலோ நீலம், பர்ன்ட் சியன்னா எனப்படும் செம்பழுப்பு. ஆறு. இதோடு மூன்று மாதம் ஓட்டினால் எந்த நிறம் எதோடு என்ன செய்யும் என்பது கைக்குத் தெரிந்துவிடும். 24 இருந்தால் தேடுவதிலேயே பொழுது போகும், தாளில் வண்ணம் அதற்குள் காய்ந்துவிடும்.

கறுப்பு ட்யூபை எடுத்து வையுங்கள். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியாகச் சேர்ந்தால் கறுப்புக்கு மிக நெருங்கிய கருமை வரும். தண்ணீர் விட்டால் அதுவே அருமையான சாம்பல்: நீலம் தூக்கலானால் மழை மேகம், சியன்னா தூக்கலானால் பழைய சுவர்.

அடுத்த தடவை வாங்கும்போது ட்யூபின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரைன், எந்தக் கம்பெனியானாலும். ஒரே குறியீடு இருந்தால் அது தனி நிறமி, கலக்கும்போது சுத்தமாக நிற்கும். மூன்று நான்கு குறியீடு இருந்தால் ஏற்கெனவே கலந்த கலவை. பி.ஆர். 83 எனப்படும் அசல் அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். சுவரில் மாட்டப்போகிற படத்துக்கு அதைத் தவிர்க்கலாம்.

எதைக் கலந்தாலும் கடைசியில சேறு மாதிரி ஆயிடுதே?

மூன்று காரணம், பெரும்பாலும் மூன்றும் ஒன்றாக. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் ஒரே கலவைக்குள் வந்துவிட்டால் நிறம் மங்கி, பழுப்பு, சாம்பல் பக்கம் போய்விடும். ஆரஞ்சு சாயல் மஞ்சளோடு அல்ட்ராமரைனைச் சேர்த்தால்கூட பச்சை கொஞ்சம் மங்கலாகத்தான் வரும், ஏனென்றால் அந்த மஞ்சளுக்குள் சிவப்பு ஒளிந்திருக்கிறது. இரண்டாவது, கழுவும் மக்கிலிருந்தே கலக்கவும் தண்ணீர் எடுப்பது. மூன்றாவதுதான் முக்கியக் குற்றவாளி: பாதி காய்ந்த வண்ணத்தின் மேல் திரும்பத் திரும்பத் தேய்ப்பது. அடியில் படிந்த நிறமி கிளம்பி மேலே உள்ளதோடு கலங்கிவிடும்.

ஒரு இடத்தில் பிரஷ்ஷை வைத்தால் இரண்டு மூன்று இழுப்பில் எடுத்துவிடுங்கள். பிடிக்கவில்லையா, முழுதாகக் காயட்டும். காய்ந்ததா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

தண்ணி எவ்ளோன்னு யாருமே சரியா சொல்ல மாட்டேங்கிறாங்க.

மில்லியில் சொல்ல முடியாது, ஆனால் சமையலறை வார்த்தையில் சொல்லலாம். தெளிந்த ரசம்: வானத்துக்கும் முதல் பூச்சுக்கும். பால்: பெரும்பாலான இடங்களுக்கு. கெட்டி மோர்: மரத்தின் நிழல் பக்கம், ஈரத்தின் மேல் இடும் மேகத்தின் அடிப்பகுதி. தயிர்: கடைசியில் வைக்கும் கரும்புள்ளிகள், காக்கையின் கண் மாதிரி. காய்ந்ததும் எல்லாமே ஒரு படி வெளிறும், அதனால் ஈரத்தில் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தால்தான் சரி.

அடுத்தது தாளின் ஈரம். பக்கவாட்டில் குனிந்து வெளிச்சத்தில் பாருங்கள். குளம் மாதிரி மின்னினால் வண்ணம் கண்டபடி ஓடும். பட்டுத்துணி மாதிரி மெல்லிய பளபளப்பு இருந்தால் மென்மையாகப் பரவும். மேகத்துக்கு இதுதான் நேரம். பளபளப்பு போய், ஆனால் தொட்டால் குளிர்ந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, திடீர்னு காலிஃப்ளவர் மாதிரி ஒரு திட்டு வந்துடுச்சு.

தாள் காய ஆரம்பித்த பிறகு, அதைவிட ஈரமான பிரஷ்ஷால் தொட்டிருக்கிறீர்கள். புதுத் தண்ணீர் வெளியே தள்ளிக்கொண்டு போய், பாதி படிந்த நிறமியை ஓரத்தில் ஒதுக்கிவிடும். அந்த ஒதுங்கிய ஓரம்தான் காலிஃப்ளவர். தாள் மங்க ஆரம்பித்தபின் தொட்டே ஆக வேண்டுமென்றால் பிரஷ்ஷில் இருப்பது தாளில் இருப்பதைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும்; பிரஷ்ஷைத் துணியில் ஒற்றிவிட்டுத் தொடுங்கள்.

நம் ஊர் வானிலையும் இதில் விளையாடும். ஏப்ரல், மே மாதத்தில் மதுரையில் மதியம் வரைந்தால் பட்டுப் பளபளப்பு அரை நிமிடம்கூட நிற்காது. அப்போது தாளின் இரு பக்கத்தையும் நனைத்து அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். நவம்பர் மழையில் சென்னையில் அதே பூச்சு அரை மணி நேரம் ஆனாலும் காயாது. பொறுமை இழந்து தொடுவது அப்போதுதான் நடக்கும். சீலிங் ஃபேன் ஒரு பக்கத்தை முன்னால் காயவைக்கும், மறுபக்க ஈரம் அங்கே ஊர்ந்து வந்து திட்டு விடும். பெரிய பூச்சு போடும் பத்து நிமிடத்துக்கு ஃபேனை அணையுங்கள். ஹேர் டிரையரைப் பளபளப்பு முழுக்க அடங்கியபின் மட்டும், ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள்.

என் பச்சை எல்லாமே பிளாஸ்டிக் செடி மாதிரி இருக்கு.

ட்யூபிலிருந்து வந்த பச்சையை அப்படியே போட்டால் அப்படித்தான் இருக்கும். எந்தப் பச்சையிலும் ஒரு துளி பர்ன்ட் சியன்னா சேர்த்துப் பாருங்கள், உடனே மண்ணோடு சேர்ந்த பச்சை ஆகிவிடும். இளநாற்று: லெமன் யெல்லோ நிறைய, ப்ரஷியன் நீலம் பிரஷ் முனையளவு. தென்னை ஓலை: ஆரஞ்சு சாயல் மஞ்சளும் அல்ட்ராமரைனும், வெயில் படும் மேல்பக்கத்தில் பச்சையே வேண்டாம், வெளிறிய நீலச் சாம்பல் போதும், ஏனென்றால் அங்கே தெரிவது வானத்தின் பிரதிபலிப்பு. வேப்பங்கொழுந்தில் சிவப்பு இருக்கிறது; பார்த்தவர்கள் போடுவார்கள், நினைவிலிருந்து போடுகிறவர்கள் விட்டுவிடுவார்கள்.

வாழை இலையை வெளிச்சத்துக்கு எதிராக வைத்துப் பாருங்கள். ஒளி ஊடுருவும் இடம் மஞ்சள், மேலே ஒளி பட்டுத் தெறிக்கும் இடம் நீலம். ஒரு இலையில் இந்த இரண்டையும் பிரித்துப் போட்டால் பாதி வேலை முடிந்தது.

"ஸ்கின் கலர்"னு ஒரு ட்யூப் இருக்கு. அதை வெச்சு அம்மாவை வரைஞ்சா வெள்ளைக்காரி மாதிரி வர்றாங்க.

அந்த ட்யூபை மூடி வையுங்கள். அந்தப் பெயரை அதற்கு யார் வைத்தார்களோ, நம் தெருவில் நடந்திருக்க மாட்டார்கள். பர்ன்ட் சியன்னாதான் அடித்தளம். ரசப் பதத்தில் முதல் பூச்சு, அது ஈரமாக இருக்கும்போதே கன்னம், மூக்கு நுனி, காது மடலில் கொஞ்சம் கிரிம்சன். காய்ந்தபின் நிழலுக்கு சியன்னாவோடு அல்ட்ராமரைன். கறுத்த மேனிக்கு இதே கலவை பால் பதத்தில், நிழலில் கிரிம்சனும் அல்ட்ராமரைனும் தூக்கலாக. வெளிச்சம் படும் நெற்றியில் தாள் வெள்ளையை விடாமல் மெல்லிய நீலம் ஓடவிடுங்கள். வெளியில் நிற்கும் கறுத்த முகத்தின் பளபளப்பு பெரும்பாலும் வானத்தின் நீலம்தான்.

வெள்ளை வேட்டி, கோலம் இதெல்லாம் எப்படிப் போடுறது? வெள்ளை பெயிண்ட் கூடாதுன்னு சொல்றாங்களே.

கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் தாளின் வெள்ளை அளவுக்கு ட்யூப் வெள்ளை மின்னாது. வேட்டிக்குச் சுற்றியுள்ளதை வரைந்து வேட்டியை அப்படியே விட்டு, மடிப்புகளில் மட்டும் முன்னே சொன்ன சாம்பலை ரசப் பதத்தில் இடுங்கள். மடிப்பு நாலைந்து போதும்.

கோலம் போன்ற மெல்லிய வெள்ளைக்கோடுகளுக்கு மாஸ்கிங் ஃப்ளூயிட் உண்டு. அது ரப்பர் பால். தடவிக் காயவிட்டு, மேலே வண்ணம் பூசி, காய்ந்தபின் உரித்தால் அடியில் வெள்ளை. இரண்டு எச்சரிக்கை. பிரஷ்ஷை முதலில் சோப்பில் முக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ரப்பர் இழைகளில் இறுகிவிடும். நல்ல பிரஷ் வேண்டவே வேண்டாம், தேய்ந்த ஈர்க்குச்சிகூடப் போதும். தடவிய தாளை வெயிலிலோ நாள்கணக்கிலோ விட்டுவிடாதீர்கள். நம் வெக்கைக்கு அது தாளோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது தாளையும் சேர்த்துக் கிழிக்கும்.

பிரஷ் வாங்கி ரெண்டே மாசம், முனை தென்னந்துடைப்பம் மாதிரி விரிஞ்சுடுச்சு.

மக்குக்குள் தலைகீழாக நிற்கவைத்திருப்பீர்கள். முனை வளையும், தண்ணீர் உலோகப் பூணுக்குள் ஏறி, கட்டை உப்பி, பசை விட்டுப்போகும். வேலை முடிந்ததும் குழாயில் முனை கீழே பார்க்கக் கழுவி, விரலால் கூராக்கி, படுக்கவைத்துக் காயவிடுங்கள். மாதம் ஒருமுறை குளியல் சோப்பு. அக்ரிலிக்குக்குப் பயன்படுத்திய பிரஷ்ஷை இதற்கு எடுக்காதீர்கள்.

சில கடைகளில் இன்னும் "கீரி முடி" பிரஷ் என்று ரகசியமாக நீட்டுவார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி அது குற்றம். ஒரு பிடி முடிக்காகக் கீரிகளைக் கொல்கிறார்கள். செயற்கை இழையே வாட்டர்கலருக்குப் போதுமானது.

போன வருஷம் வாங்கின நல்ல பேப்பர்ல இப்போ கலர் புள்ளி புள்ளியா இறங்குது. போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. தாளில் ஏற்றியிருப்பார்கள் என்று மேலே சொன்ன அந்தப் பசை ஈரக்காற்றில் கெட்டுப்போயிருக்கும். கெட்ட இடம் மை ஒற்றும் தாள் மாதிரி வண்ணத்தைக் குடித்துக் கரும்புள்ளி விடும். அந்தத் தாளைப் பென்சில், பேஸ்டல் வேலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, சுவரை ஒட்டாத பீரோ தட்டில் படுக்கைவாக்கில் வையுங்கள்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு: ஒரு இடத்தில் மட்டும் வண்ணம் ஒட்டாமல் விலகி ஓடும். பெரும்பாலும் விரல் ரேகை வடிவத்தில் இருக்கும். தலைக்கு எண்ணெய் தடவிய கையோடு தாளைத் தொட்டதன் பலன் அது.

கலர் பெட்டியில் பூஞ்சை பிடிப்பதும் இதே ஈரத்தால்தான். ஈரமாக மூடாதீர்கள், ஒரு இரவு திறந்து காயவிட்டு மூடுங்கள். பிடித்துவிட்டால் மேல்பரப்பைச் சுரண்டி எறிந்துவிடலாம்.

ஆபீஸ் முடிஞ்சு வந்தா உட்காரவே மனசு வரல. வாங்கினதெல்லாம் தூங்குது.

எடுத்து விரிப்பதுதான் தடை. எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கி, கண்ணில் படும் இடத்தில் வைத்துவிடுங்கள். தண்ணீர் பிடிப்பது மட்டும்தான் பாக்கி என்று இருக்கட்டும். அஞ்சலட்டை அளவு தாள், இருபது நிமிடம். களைத்த நாளில் படம் வேண்டாம். இரண்டு நிறத்தை எடுத்து, ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் மற்றொன்று, நடுவில் படிப்படியாகக் கலந்து எட்டுக் கட்டம் பூசுங்கள். புத்தி அசதியாக இருந்தாலும் கை செய்துவிடும் வேலை. வெங்காயம் உரிப்பது போலத்தான், கண் மட்டும் எரியாது.

இரவு வெளிச்சத்தில் ஒரு சிக்கல்: நீலச் சாயலுள்ள ட்யூப்லைட்டின் கீழ் மஞ்சள் சரியாகத் தெரியாது, காலையில் பார்த்தால் எல்லாம் மாறியிருக்கும். நிறத்தைச் சரியாகக் காட்டும் தரம், அதாவது சிஆர்ஐ, 90க்கு மேல் உள்ள எல்இடி பல்பு ஒன்று மேசைக்கு மேலே மாட்டினால் தீரும்.

இதனால டென்ஷன் குறையும்னு சொல்றாங்களே, உண்மையா, சும்மா சொல்றதா?

2016இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழு 39 பேரிடம் ஆய்வு செய்தது. 45 நிமிடம் களிமண், மார்க்கர், கொலாஜ் என்று விருப்பப்படி எதையாவது செய்யச் சொல்லி, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது. முன்பழக்கம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்ற வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சிறிய ஆய்வு, ஒப்பிட இன்னொரு குழு இல்லை, அதில் வாட்டர்கலரும் இல்லை. நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

நடைமுறையில் புரிவது எளிது. ஈரத் தாள் உங்களுக்காகக் காத்திருக்காது. அந்தப் பத்து நிமிடம் வேறு எதையும் நினைக்க இடம் கொடுக்காது. பிறகு காயும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். அப்போது போனை எடுக்காமல் இருந்தால் அதுவும் ஓய்வு. ஆனால் தூக்கமே வராத நிலை, வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாத நிலை என்றால் கலர் பெட்டியை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, கட்டணமில்லாதது, தமிழிலும் பேசலாம்.

இன்ஸ்டாகிராம்ல மத்தவங்க போடுறதைப் பார்த்தா எனக்குக் கை ஓட மாட்டேங்குது.

அந்த அரை நிமிட வீடியோவில் காயும் நேரம் வெட்டப்பட்டிருக்கும், கெட்டுப்போன முந்தைய தாள்கள் இருக்கவே இருக்காது. உங்கள் படத்தின் பின்பக்கம் தேதி, பயன்படுத்திய நிறங்கள், எது சரியாக வரவில்லை என்று ஒரு வரி எழுதிவையுங்கள். பத்து வாரம் கழித்து அதே கத்தரிக்காயை மறுபடி போட்டு இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஒப்பிட அது போதும்.

போட்டோ பார்த்துப் போடுறது, ட்ரேஸ் பண்றது தப்பா?

பழகுவதற்கு எதுவும் தப்பில்லை. ஜன்னல் கண்ணாடியில் வைத்துக் கோட்டை எடுத்துக்கொண்டு முழுக் கவனத்தையும் வண்ணத்தில் செலுத்துவது நல்ல பயிற்சி. பிறர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்துப் போட்டதை விற்காதீர்கள், போட்டிக்கு அனுப்பாதீர்கள், காப்புரிமை அந்தப் புகைப்படத்தை எடுத்தவருடையது. நம் நாட்டில் ஓவியரின் காப்புரிமை அவர் இறந்து 60 ஆண்டு நீடிக்கும். 1906இல் மறைந்த ரவிவர்மாவின் படங்களைத் தாராளமாகப் பார்த்துப் போடலாம்.

புகைப்படத்தில் ஒரு பொறி இருக்கிறது. கேமரா நிழலைக் கறுப்பாக்கிவிடும். நிழலுக்குள் இருக்கும் நீலம், ஊதா, தரையிலிருந்து ஏறும் செம்மண் வெளிச்சம் எல்லாம் நேரில் பார்த்தால்தான் தெரியும்.

வெளியில உட்கார்ந்து வரைய ஆசை. ஆனா கூட்டம் கூடிடுதே!

கூடத்தான் செய்யும். முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்காருங்கள், பின்னால் யாரும் நிற்க முடியாது. மயிலாப்பூர் தெப்பக்குளம், காசிமேடு போன்ற இடங்களுக்குக் காலை ஆறரை மணிக்கே போய் எட்டரைக்குள் கிளம்பிவிடுங்கள். நிழல் நீளமாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. தாளின்மேல் நேர் வெயில் படக் கூடாது. கண் கூசி, எல்லாவற்றையும் தேவைக்கு மேல் கருமையாகப் போட்டுவிடுவீர்கள், வீட்டுக்கு வந்தபின்தான் தெரியும். அஞ்சலட்டை அளவு, ரவுண்ட் 10 ஒன்று, தண்ணீர் பாட்டில், டேப். "என்னை வரைங்க அக்கா" என்று வரும் பையனிடம் "இது காயட்டும்டா" என்றால் அவனே காவலுக்கு நிற்பான்.

பேத்தி கூடவே உட்காருது. கலர் விஷமில்லையே?

குழந்தைகளுக்கென்று விற்கும் பெட்டி பயமில்லை. ஓவியர் தர ட்யூப்களில் காட்மியம், கோபால்ட் என்று பெயர் உள்ளவற்றைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். பக்கத்தில் "ஹ்யூ" என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் மாற்று நிறமி. பெரியவர்களுக்கும் ஒன்று: பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூராக்காதீர்கள், காபி டம்ளரைத் தண்ணீர் மக் பக்கத்தில் வைக்காதீர்கள். தப்பான டம்ளரில் பிரஷ்ஷை முக்காதவர்கள் யாரும் இல்லை.

எனக்குச் சிவப்பு பச்சை சரியா பிரிச்சுத் தெரியாது. கையும் கொஞ்சம் நடுங்கும். விட்டுடவா?

வேண்டாம். முதல் பதிலில் வந்த தாகூருக்கே சிவப்பு பச்சை பிரித்தறிவதில் குறை இருந்திருக்க வேண்டும் என்று அவர் ஓவியங்களை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நிறம் சந்தேகமாக இருந்தால் வெளிச்சம், கருமை என்ற அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள். அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா இரண்டே நிறத்தில் முழுப் படம் போடலாம். தட்டில் நிறங்களுக்குப் பக்கத்தில் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.

நடுக்கத்துக்குப் பெரிய பிரஷ், பெரிய தாள், மணிக்கட்டை ஊன்றாமல் தோளிலிருந்து இழுப்பது. தடித்த பிடி வேண்டுமென்றால் பிரஷ் காம்பில் துணி சுற்றிக்கொள்ளலாம்.

வீட்ல "இவ்ளோ செலவு பண்றியே, ஏதாவது விக்கலாம்ல"னு கேக்கறாங்க.

விற்பது தவறில்லை. ஆனால் ஆர்டர் எடுத்த அன்றிலிருந்து தேதி, அளவு, "அந்தப் புடவை கலர் இன்னும் கொஞ்சம் டார்க்கா" எல்லாம் வந்து சேரும். அலுவலகத்திலிருந்து தப்பிக்க வந்த இடத்தில் இன்னொரு அலுவலகம். முதல் ஒரு வருடம் பிறந்தநாளுக்குக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது எங்கள் யோசனை. கேட்பவர்களுக்கு மாதச் செலவைச் சொல்லிப் பாருங்கள். ஆறு ட்யூப் ஒரு வருடத்துக்கும் மேல் வரும்.

போட்டது எல்லாம் குவிஞ்சுபோச்சு. என்ன பண்றது?

பிடித்த இரண்டு மூன்றுக்குச் சட்டம் போடுங்கள். படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. நடுவில் அமிலமில்லா மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்தில் கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்துப் படம் ஒட்டிக்கொள்ளும். வெயில் விழும் சுவரும், மழைநீர் ஊறும் வெளிச்சுவரும் வேண்டாம். வேறு வழியில்லை என்றால் சட்டத்தின் பின்புறம் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிக் காற்று போக இடம் விடுங்கள்.

பாதி நன்றாக வந்ததை வெட்டிப் புத்தகக்குறி ஆக்கலாம். கெட்ட படத்திலும் ஒரு விரல் அகலத்துக்கு நல்ல இடம் இருக்கும். மற்றதைக் குழாயடியில் காட்டி, ஸ்பாஞ்சால் மெதுவாக ஒற்றிக் கழுவுங்கள். பருத்தித் தாள் தாங்கும். ப்ரஷியன், தேலோ நீலங்களும் கிரிம்சன் போன்றவையும் கறையாக நிற்கும், மற்றது பெரும்பாலும் போய்விடும். மாஸ்கிங் டேப்பால் அட்டையில் ஒட்டிக் காயவையுங்கள். அந்த வெளிறிய நீலத்தின் மேலேயே அடுத்த மழை வானத்தை ஆரம்பிக்கலாம்.